256 காணுமோ, பிறகு கூட்டலாமோ?

ஓகஸ்டில் பரீட்சை முடிவுகள் வந்த கையோடு என் வட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். "மகள் செப்டெம்பரில ஏ லெவல் தொடங்குறா. லப்டொப் ஒண்டு எடுக்கவேணும். 256 ஜி.பி. காணுமோ? காணாட்டி பிறகு கூட்டலாம்தானே?"

கேட்பவர்கள் அநேகமாக என் வயதுக்காரர். லண்டனிலேயே பிறந்தவர்கள், அல்லது கைக்குழந்தையாக இங்கே வந்தவர்கள். இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றி இறக்குகிற அப்பாமார், அம்மாமார். நான் கொம்பியூட்டர் திருத்துகிற வேலையில் இருப்பதால், அந்தப் பள்ளியின் கார் நிறுத்துமிடத்துக்கு நான்தான் சம்பளமில்லாத ஆலோசகர்.

அந்தக் கேள்வியில் சிக்கலான இடம் கடைசியில் வருகிற "தானே". அது எங்கள் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் இருந்த பெரிய டெஸ்க்டொப் பெட்டியிலிருந்து வந்த நம்பிக்கை. பக்கத்து மூடியைக் கழற்றி, இன்னொரு ஹார்ட் டிஸ்கைச் செருகி, மூடியைத் திருப்பிப் பூட்டிவிட்டு விளையாடப் போன தலைமுறை நாங்கள். 2010 வரைக்கும் மடிக்கணினிகளும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. அடியில் ஒரு சின்ன மூடி, இரண்டு திருகாணி, உள்ளே இரண்டரை அங்குல டிஸ்க். யாரும் மாற்றலாம்.

இப்போது கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிற இரண்டு மடிக்கணினிகளில் ஒன்றில் ஸ்டோரேஜைக் கூட்டலாம், மற்றதில் கூட்டவே முடியாது. இரண்டின் விலைச்சீட்டிலும் "256 ஜி.பி. எஸ்.எஸ்.டி." என்றுதான் எழுதியிருக்கும். ஆகவே எத்தனை ஜி.பி. என்று கேட்க முதல், அந்த எஸ்.எஸ்.டி. கழற்றக்கூடியதா, மதர்போர்டோடு பற்றவைத்ததா என்று கேளுங்கள்.

கழற்றக்கூடியது என்றால் உள்ளே எம்.2 என்கிற செருகுவாய் ஒன்று இருக்கும். அதில் சூயிங் கம் துண்டு மாதிரி மெல்லிய நீளமான ஒரு சின்னப் பலகை, ஒரே ஒரு திருகாணியில் பிடித்தபடி கிடக்கும். அதைக் கழற்றிவிட்டு 1 டி.பி. அல்லது 2 டி.பி. போட்டுக்கொள்ளலாம். பற்றவைத்தது என்றால் சிப்கள் நேரடியாக மதர்போர்டிலேயே ஒட்டியிருக்கும். வாங்கின அன்று எவ்வளவோ, அது சாகும் வரைக்கும் அவ்வளவுதான்.

ஆப்பிளின் கதை இதில் தெளிவானது. 2017 வரைக்கும் வந்த மாக்புக் ஏரில் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றலாம். செருகுவாய் ஆப்பிளின் சொந்த வடிவம் என்றாலும், 2013க்குப் பிறகு வந்தவற்றில் சின்ன அடாப்டர் ஒன்றை வைத்துச் சாதாரண எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2018 மாக்புக் ஏரிலிருந்து பற்றவைத்ததுதான். எம்1 தொடங்கி வந்த எந்த மாக்புக்கிலும் ஸ்டோரேஜைக் கூட்ட வழி இல்லை. நுண்ணிய சோல்டர் வேலை தெரிந்த சிலர் சிப்பையே மாற்றுகிறார்கள் என்பது உண்மை. அதை வீடியோவில் பார்த்து ரசிக்கலாம், மகளின் படிப்புக்கு வாங்கிய மெஷினில் செய்து பார்க்கக் கூடாது.

இந்தக் கதவு பூட்டியிருப்பதற்கு ஒரு விலையும் இருக்கிறது. 2025 மார்ச்சில் எம்4 மாக்புக் ஏர் வந்தபோது இங்கே 256 ஜி.பி.யோடு 999 பவுணாக இருந்தது. 512 வேண்டுமென்றால் 200 பவுண் மேலதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே வருட நடுப்பகுதியில் நல்ல கம்பனியின் 1 டி.பி. எம்.2 எஸ்.எஸ்.டி. ஒன்றை 100 பவுணுக்குக் குறைவாகவே வாங்க முடிந்தது. (அந்த வருடக் கடைசியில் மெமரி சிப் விலைகள் ஏறத் தொடங்கிவிட்டன. ஆகவே இன்றைய விலையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.) செருகுவாய் இருக்கிற மெஷினென்றால் தேவை வரும்போது, சந்தை விலைக்கு வாங்கலாம். இல்லாததென்றால் இன்றைக்கே, அவர்கள் சொல்லுகிற விலைக்கு.

மெல்லியதாகச் செய்ய இதை விட வேறு வழியில்லை என்று கடைக்காரர் சொல்வார். முழுவதும் உண்மையில்லை. மைக்ரோசொஃப்ட் 2017இல் வெளியிட்ட முதல் சர்ஃபேஸ் லாப்டாப்பை உடைக்காமல் திறக்கவே முடியாது. மெஷின்களைக் கழற்றிப் பார்த்துப் புள்ளி போடுகிற ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்குப் பூச்சியம் கொடுத்தது. 2019இல் வந்த சர்ஃபேஸ் லாப்டாப் 3இல் கீபோர்ட் பகுதி காந்தத்தில் மேலே கழன்று வருகிறது, உள்ளே கழற்றக்கூடிய எஸ்.எஸ்.டி. இருக்கிறது. தடிப்பு பெரிதாகக் கூடவில்லை. 2021இல் வந்த ஃப்ரேம்வேர்க் என்கிற மடிக்கணினியோ வாங்குகிறவரே எல்லாவற்றையும் கழற்றி மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. செய்ய நினைத்தால் செய்யலாம்.

கடையில் நிற்கும்போது

விலைச்சீட்டில் "ஈ.எம்.எம்.சி." என்று கண்டால் வேறு ஒன்றும் யோசிக்கத் தேவையில்லை, அது பற்றவைத்தது. மலிவான விண்டோஸ் மடிக்கணினிகளிலும் குரோம்புக்குகளிலும் இதுதான் வரும், அநேகமாக 64 அல்லது 128 ஜி.பி. குரோம்புக்கில் பிள்ளையின் வேலை எல்லாம் கூகுள் டிரைவில் கிடப்பதால் 64 பெரிய குறையில்லை. ஆனால் 64 ஜி.பி. ஈ.எம்.எம்.சி. உள்ள விண்டோஸ் மெஷினை, கடைக்காரர் சும்மா தந்தாலும் யோசித்து வாங்குங்கள். விண்டோஸ் 11 ஓடுவதற்கு ஆகக் குறைந்த அளவே 64 ஜி.பி. ஒரு பெரிய அப்டேட் வரும்போது அதற்கு இடமில்லாமல் மெஷின் திணறும். பிள்ளை அடுத்த நாள் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையோடு உட்கார்ந்திருக்கும்.

"எம்.2" என்று தெளிவாக எழுதியிருந்தால் பெரும்பாலும் கழற்றக்கூடியது. வெறும் "எஸ்.எஸ்.டி." என்று மட்டும் இருந்தால் அதில் ஒன்றும் தெரியாது. அந்த நேரம் மெஷினின் முழு மொடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். விளம்பரத்தில் உள்ள பெரிய பெயர் காணாது. அதே பெயரில் போன வருடம் வந்ததற்கும் இந்த வருடம் வந்ததற்கும் உள்ளே வேறு வேறு அமைப்பு இருக்கலாம். லெனோவோ, டெல், எச்.பி. மூன்றும் தங்கள் மொடல்களுக்கான திருத்துகைக் கையேடுகளை இணையத்தில் வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள். அதில் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றும் முறை என்று படத்தோடு ஒரு பக்கம் இருந்தால் கூட்டலாம். மதர்போர்டை மாற்றும் பக்கம் மட்டும் இருந்தால் கூட்ட முடியாது. பத்து நிமிட வேலை. கடைக்காரரின் "ஓம் ஓம், எல்லாம் செய்யலாம்" என்கிற பதிலை விட நம்பகமானது.

கூட்டலாம் என்று தெரிந்த பிறகு பார்க்க வேண்டியது அளவு. எம்.2 பலகைகள் 2230, 2242, 2280 என்று இலக்கமிட்டு வருகின்றன. முதல் இரண்டு இலக்கம் அகலம், 22 மில்லிமீட்டர். மிச்சம் நீளம். 80 மில்லிமீட்டர் பலகையை 30 மில்லிமீட்டர் இடத்தில் போட முடியாது. நிறையப் பேர் முதலில் வாங்கிவிட்டு, திறந்து பார்த்துவிட்டு, திருப்பி அனுப்புவது இதற்காகத்தான். 2014 முதல் 2018 வரையிலான மெஷின்களில் இன்னொரு வில்லங்கம். செருகுவாய் ஒன்றுபோலத் தெரிந்தாலும் சில சாட்டா வகையை மட்டும்தான் ஏற்கும், என்.வி.எம்.ஈ. வகையைப் போட்டால் மெஷின் அதைக் காணவே காணாது. அதையும் கையேடு சொல்லும். மிக மெல்லிய மெஷினென்றால் ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ள பலகையாகப் பார்த்து எடுங்கள். வேகத்தில் ஆக உச்சமானது வேண்டாம். பள்ளிக்கூட வேலைக்கு வித்தியாசம் தெரியாது, சூடுதான் கூடும்.

ஒரு சின்ன விசயம், இதற்காகவும் என்னைக் கூப்பிடுகிறார்கள். புது 256 ஜி.பி. மெஷினைத் திறந்தால் விண்டோஸ் 238 என்று காட்டும். ஒருவரும் உங்களை ஏமாற்றவில்லை. கம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது.

யாருடைய குரல் அதில் இருக்கிறது

இது வரைக்கும் காசுக் கணக்கு. எனக்கு இந்த விசயம் காசை விடப் பெரிதாகத் தெரியத் தொடங்கியது வேறொரு காரணத்தால்.

எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா. அவவின்ர அம்மா கரவெட்டியில் இருந்தவ. ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் கதைக்கும்போது அக்கா அதைப் பதிவு செய்து வைப்பா. பலகாரம் செய்யும் முறை, யார் யாருக்கு என்ன சொந்தம், 1987இல் கோயிலில் இருந்த நாட்கள், எந்தக் கிணற்றுத் தண்ணி இனிப்பு. பேரப்பிள்ளைகள் இடையில் வந்து இங்கிலீஷில் கேட்க, அம்மம்மா தமிழில் பதில் சொல்லுவா. மூன்று வருடத்துப் பதிவுகள், எல்லாம் ஒரு மெல்லிய மடிக்கணினிக்குள். அம்மா மோசம் போய் ஐந்தாறு மாதத்தில் அந்த மெஷினுக்கு மேல் தண்ணீர் ஊற்றுப்பட்டது.

"தம்பி, மெஷின் போனால் போகட்டும். அதுக்குள்ள இருக்கிறத மட்டும் எடுத்துத் தா" என்று அக்கா கேட்டா. எஸ்.எஸ்.டி. கழற்றக்கூடியதாக இருந்திருந்தால் நான் அதை எடுத்து, ஒரு யூ.எஸ்.பி. உறையில் போட்டு, என் கொம்பியூட்டரில் செருகியிருப்பேன். எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், இருபது நிமிடம் போகாது. இதில் பற்றவைத்திருந்தது. அதோடு உள்ளே இருப்பது முழுவதும் மறைகுறியாக்கப்பட்டு, திறக்கும் சாவி அந்த மதர்போர்டில் உள்ள சிப்போடு கட்டுப்பட்டிருந்தது. சிப்பைத் தனியே கழற்றி வேறு போர்டில் வைத்தாலும் வாசிக்க முடியாது. அந்தப் போர்டுக்கே திரும்ப உயிர் வந்தால்தான் உண்டு. போர்டுத் திருத்த வேலை மட்டும் செய்கிற ஒருவரிடம் அனுப்பிப் பார்த்தோம். உயிர் வரவில்லை. கனடாவில் இருக்கிற தம்பிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய ஏழெட்டுத் துண்டுகள் மட்டும் மிஞ்சின, சுருங்கி மங்கிய வடிவில். அதில் ஒன்றில் அம்மம்மாவின் முகம் சரியாகத் தெரியாது, குரல் தெளிவாகக் கேட்கிறது.

பற்றவைத்த மெஷின் வாங்கவே கூடாது என்று இதைச் சொல்லவில்லை. மாக்புக் ஏர் பிள்ளைகளுக்கு நல்ல மெஷின், பற்றரி நாள் முழுக்க நிற்கும், என் தங்கச்சியின் மகளுக்கு நானே சொல்லி வாங்கினது. ஆனால் அதை வாங்கினால் முதல் நாளே இரண்டு காரியம் முடிய வேண்டும். ஒன்று, வீடியோ வெட்டுவது, இசை, கட்டடக்கலை என்று படிக்கிற பிள்ளையென்றால் 512க்குக் கீழே இறங்க வேண்டாம். "பிறகு" என்று ஒன்று அதில் இல்லை. கட்டுரையும் இணையமும்தான் வேலை என்றால் 256 எடுத்து, மிச்சம் பிடித்த காசில் வெளியே செருகும் எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கலாம். மாக்கின் படத் தொகுப்பு முழுவதையும் அந்த வெளி டிஸ்கில் வைத்தே பாவிக்க முடியும். இரண்டு, டைம் மெஷினை இன்னொரு டிஸ்கில் ஓட விட வேண்டும். படங்கள் வெளி டிஸ்கில் மட்டும் இருந்தால் அது பிரதியில்லை, இருக்கிற ஒரே ஒன்று. டைம் மெஷின் அமைப்பில் அந்த வெளி டிஸ்கும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கழற்றக்கூடிய விண்டோஸ் மெஷினிலும் ஒரு பூட்டு இருக்கிறது. புது விண்டோஸ் 11 மெஷின்களில் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால் மறைகுறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது அந்தக் கணக்குக்குள்தான் கிடக்கும். பிள்ளை பதினொரு வயதில் தொடங்கி, கடவுச்சொல்லை மறந்துபோன கணக்கென்றால் எஸ்.எஸ்.டி. கையில் இருந்தும் பயனில்லை. இன்றைக்கே அந்தக் கணக்குக்குள் போய், சாவியைக் கடதாசியில் எழுதி, பாஸ்போர்ட்டுகள் இருக்கிற கோப்புக்குள் வையுங்கள்.

மாற்றும் நாள்

அவசரப்பட்டு வாங்க முதல் இடத்தை எது தின்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் அமைப்புகளில் ஸ்டோரேஜ் பக்கம் வகை வகையாகக் காட்டும். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் கதை ஒன்றுதான்: ஒரே விளையாட்டு 100 ஜி.பி.க்கு மேல், பிறகு பழைய ஐஃபோனின் முழுப் பிரதி, பிறகு குடும்பக் குழுவில் வந்த காலை வணக்க வீடியோக்கள். பெரியம்மாவின் காலை வணக்கத்துக்காக எஸ்.எஸ்.டி. வாங்கத் தேவையில்லை.

மாற்றத்தான் வேண்டுமென்றால், யூ.எஸ்.பி. உறை ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். புது எஸ்.எஸ்.டி.யை முதலில் அந்த உறையில் போட்டு, பழையதை அப்படியே அதற்குப் பிரதி எடுக்க வேண்டும். சில எஸ்.எஸ்.டி. கம்பனிகள் அதற்கான மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. தொடங்க முதல் மறைகுறியாக்கத்தை இடைநிறுத்துங்கள், மீட்புச் சாவியைக் கையில் வைத்திருங்கள். பிரதி முடிந்ததும் மெஷினை முழுவதுமாக நிறுத்தி, அடி மூடியைக் கழற்றுங்கள். திருகாணிகள் ஒரே நீளமாக இருக்காது, ஆகவே கழற்றின ஒழுங்கிலேயே கடதாசியில் குத்தி வையுங்கள். மூடி திருகாணியில் மட்டுமில்லாமல் பிளாஸ்டிக் கொக்கிகளிலும் பிடித்திருக்கும். கத்தி வேண்டாம், பழைய வங்கி அட்டை போதும். உள்ளே முதல் வேலை பற்றரி வயரைக் கழற்றுவது. எஸ்.எஸ்.டி.யின் திருகாணியை எடுத்தவுடன் பலகை தானாகச் சற்று மேலே எழும்பும். புதியதை அதே சரிவில் செருகி, அமர்த்தி, திருகாணியைப் பூட்டினால் முடிந்தது. கை நடுங்குகிறவர்கள் கடையில் கொடுக்கலாம், பெரிய வேலையில்லை. பள்ளிக்கூடம் கடனாகவோ தவணையிலோ கொடுத்த மெஷினென்றால் மட்டும் தொடாதீர்கள்.

மெஷின் திரும்ப எழும்பியதும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். 1 டி.பி. போட்டிருப்பீர்கள், சி டிரைவ் பழைய அளவையே காட்டும். மிச்ச இடம் ஒதுக்கப்படாமல் பின்னால் கிடக்கிறது. சி டிரைவுக்கும் அதற்கும் நடுவில் விண்டோஸின் மீட்புப் பகுதி குந்திக்கொண்டிருப்பதால் விண்டோஸின் சொந்தக் கருவியால் அதை நீட்ட முடியாது. பிரதி எடுக்கும்போதே மென்பொருளில் அந்தப் பகுதியைக் கடைசிக்கு நகர்த்தச் சொல்லலாம், பல மென்பொருட்களில் அந்த வசதி இருக்கிறது.

பழைய மெஷினை ஊரில் படிக்கிற பிள்ளைக்கு அனுப்புகிற வழக்கம் எங்கள் பல வீடுகளில் உண்டு. சுழல்கிற ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய மடிக்கணினிக்குச் சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு அனுப்பினால் அது வேறு மெஷின் மாதிரி ஓடும். ஆனால் ப்ராசஸரைப் பாருங்கள். இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்கு முந்தியதென்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டது. அப்படியானவற்றில் லினக்ஸ் போட்டு அனுப்புவது நல்லது, தமிழில் தட்டச்சு செய்யவும் அதில் வழி இருக்கிறது.

கழற்றிய பழைய எஸ்.எஸ்.டி.யை எறிய வேண்டாம். புது மெஷின் இரண்டு கிழமை ஒழுங்காக ஓடியதும், பிரதி எடுத்த அதே உறையில் பழையதைப் போடுங்கள். 256 ஜி.பி. வெளி டிஸ்க் ஒன்று சும்மா கிடைத்துவிட்டது. அதில் அம்மம்மாவின் வீடியோக்களுக்கு ஒரு பிரதி எடுத்து, மேலே பெயர் எழுதி ஒட்டி, அடுத்த தடவை ரொறன்ரோ போகும்போது தம்பி வீட்டில் கொடுத்துவிட்டு வரலாம். ஒன்று மட்டும் அவருக்குச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.டி.யை மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் லாச்சிக்குள் போட்டு வைத்தால் உள்ளே இருப்பது மெல்ல மெல்ல அழியக்கூடும். தைப்பொங்கலுக்குத் தைப்பொங்கல் ஒருக்கா செருகி, இரண்டு வீடியோவை ஓட விட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ.